கடிக்கிற பாக்ஸ்

நான்கு திருகாணிகளைக் கழற்றிப் பின்மூடியை இழுத்ததும் உள்ளேயிருந்து ஒரு கரப்பான் குடும்பமே இறங்கி என் மடியில் ஓடியது. மர அலமாரி மாதிரி பெட்டி, இழுத்து மூடும் கதவு, பன்னிரண்டு எண் போட்ட குமிழ். எந்த வீட்டுக்கோ கல்யாணச் சீராக வந்த டிவியாக இருக்க வேண்டும். உள்ளே துறைமுகத்து நிலக்கரித் தூள் வெல்வெட் விரித்த மாதிரி படிந்திருந்தது. சமையல் எண்ணெயின் புகை அதன்மேல் இறங்கி இறங்கி அதைக் களிம்பாக்கியிருந்தது. களிம்புக்குள் பல்லி முட்டை ஓடுகள், எலிப் புழுக்கை, காய்ந்து அட்டையாகிப்போன ஒரு பல்லி, காற்றுத் துளை வழியே யாரோ பிள்ளைகள் திணித்த பஸ் டிக்கெட்டுகள். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு, பெயின்ட் பிரஷ்ஷால் எல்லாவற்றையும் வழித்துச் செய்தித்தாளில் கொட்டினேன். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஓனர், என்னுடைய டெஸ்டரை எடுத்து அதன் நுனியால் காது குடைந்துகொண்டிருந்தார். குடைந்து முடித்ததும் லுங்கியில் ஒரு தேய்ப்புத் தேய்த்து என்னிடமே நீட்டினார். "தங்கச்சி, இத்த மாதிரி இன்னும் நாப்பது வரும். கலீஜ் பாக்காத" என்றார்.

அன்றைக்கு எனக்குக் குமட்டியது கரப்பானும் பல்லியும் காதழுக்கும்தான். இன்றைக்கு யோசித்தால் அவை மூன்றும் ஒன்றுமே இல்லை. சோப்புப் போட்டால் போய்விடுகிற சங்கதிகள்.

ஓனர் என்றால் எங்கள் ராயபுரம் லேனுக்குக் கேபிள் டிவி கொடுத்தவர். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. அதை ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் யாரும் உச்சரித்ததில்லை. அவர் மனைவிகூட "ஓனரு சாப்புட வரலியா" என்றுதான் கேட்பார். மொட்டை மாடிகளில் ஏறி இறங்கித் தானே கம்பி இழுத்து வளர்ந்த மனிதர். கம்பியைவிட வாய்தான் அவருக்கு நீளம் என்பார்கள். படம் வரவில்லை என்று யாராவது டிவியின் தலையில் தட்டினால், "அத்த ஏன் தட்ற, என் கதவத் தட்டு" என்பார். சண்டைக்கு வந்தவர்கள் சிரித்துக்கொண்டு திரும்புவார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். யார் எதைச் சொன்னாலும், சொன்ன விதம் அழகாக இருந்தால் அதை அப்படியே மனதில் முடிந்து வைத்துக்கொள்வேன். மீன் கூடைக்கார அம்மா ஒருவர், "நம்ம தெருவுல வெள்ள சட்ட வாங்கறது கரிக்கு மொய் எய்தற மாதிரி" என்று சொன்னதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அப்படிப்பட்டவளுக்கு ஓனர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்வது தினமும் கச்சேரி கேட்கிற மாதிரி.

வேலை கொடுத்ததும் அவர்தான். திருவொற்றியூர்ப் பக்கம் டிவி போர்டு செய்கிற ஒரு கம்பெனியில் ஏழு வருஷம் சால்டரிங் அயன் பிடித்து ஈயம் வைத்தேன். எட்டாம் வகுப்போடு நின்றுபோன படிப்பு. டிவி மூடிகளுக்குள் ஒட்டியிருக்கும் சர்க்யூட் படத்தைப் பார்த்துப் பார்த்து, எந்தக் கோடு எங்கே போகிறது என்று நானே கற்றுக்கொண்டேன். கம்பெனி ஒரு நாள் பூட்டிக்கொண்டது. வீட்டில் சும்மா இருந்தவளை ஓனர் கூப்பிட்டு, ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த தன் ஆபீசில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார். பொம்பளையிடமா டிவியைக் கொடுப்பது என்று இழுத்த ஆம்பளைகளிடம், "காதுல கம்மல் கீதேன்னு பாக்குறியே, கைல அயன் கீதே, அத்தப் பாரு" என்று ஒரே போடாகப் போட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்கு நான் எவ்வளவு வேண்டுமானாலும் உழைத்திருப்பேன். உழைத்தேன்.

அது செட்டாப் பாக்ஸ் வந்த வருஷம். கேபிள் டிஜிட்டல் ஆகிறது, காசு கட்டிப் பார்க்கிற சேனல்களெல்லாம் இனிமேல் பாக்ஸ் வைத்தால்தான் வரும் என்று சொல்லிவிட்டார்கள். பாக்ஸிலிருந்து படமும் சத்தமும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று பின்களில் வெளியே வரும். புது டிவிகளில் அவற்றைச் சொருக மூன்று துளைகள் இருந்தன. எங்கள் லேன் வீடுகளில் இருந்ததெல்லாம் மூன்றாம் கை நான்காம் கை மாறி வந்த பழைய பெட்டிகள். அவற்றின் முதுகில் ஆன்டெனா துளை ஒன்றுதான். சீரியல் போய்விடும், கிரிக்கெட் போய்விடும் என்று எங்கள் ஜனம் பட்ட பதற்றம் கொஞ்சநஞ்சமல்ல. தண்ணி லாரி வராத நாளில்கூட அப்படித் தவித்து நான் பார்த்ததில்லை.

பழைய பெட்டியைப் பாக்ஸுக்குத் தயார் செய்ய இரண்டு வழி. ஒன்று, மாடுலேட்டர் என்று உள்ளங்கை அகலத் தகரப் பெட்டி. அது பாக்ஸின் படத்தை வாங்கி ஆன்டெனா துளை வழியாகவே டிவிக்குள் அனுப்பும். படம் லேசாக மணல் தூவினாற்போலத் தெரியும், ஆனால் ஆபத்து கிடையாது. இன்னொன்று, டிவியின் முதுகில் ஓட்டை போட்டு மூன்று துளைகளைப் பொருத்தி, உள்ளே போர்டில் நேராக ஈயம் வைத்துவிடுவது. படம் கண்ணாடி மாதிரி இருக்கும். இதில்தான் விஷயம். பழைய டிவிகள் பலவற்றில், வீட்டு மின்சாரத்தின் ஒரு கம்பி உள்ளே இருக்கும் தகட்டோடு அப்படியே சேர்ந்திருக்கும். வெளியே மரமும் பிளாஸ்டிக்கும் மூடியிருப்பதால் யார் கையிலும் படாது. நேராகக் கம்பி சேர்த்தால் அந்த மின்சாரம் பின் வழியாக வெளியே நடந்து வந்து, பாக்ஸின் தகர உடம்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

முதல் டிவியை முடித்து, பாக்ஸின் திருகாணித் தலையில் டெஸ்டரை வைத்தேன். சிவப்பாக எரிந்தது. ஓனரிடம் காட்டினேன். மாடுலேட்டர் இல்லாமல் முடியாது என்றேன். அடுத்த வாரம் வருது, அதுவரைக்கும் ஓட்டு என்றார். நான் பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் சொருகிப் பார்த்தேன். டெஸ்டர் அணைந்தது. இரண்டு முள் பிளக்கில் இப்படிச் சொருகினால் உயிர்க் கம்பி, அப்படிச் சொருகினால் வெறும் கம்பி. உடனே பையிலிருந்த நெயில் பாலிஷை எடுத்து, பிளக்கின் ஒரு பக்கத்தில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தேன். பொட்டு மேலே பார்த்த மாதிரி சொருகணும் என்று வீட்டுக்கு வீடு சொல்லிவிடலாம். "இன்னா மூளைடா சாமி" என்று ஓனர் கைதட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரம் வந்தது, அதற்கடுத்த வாரமும் வந்தது, மாடுலேட்டர் மட்டும் வரவில்லை. நான் பொட்டு வைத்துக்கொண்டே போனேன்.

வீடுகளில் பிளக் ஓரிடத்தில் இருக்குமா? இஸ்திரிப் பெட்டிக்கு ஒரு முறை பிடுங்குவார்கள், மிக்சிக்கு ஒரு முறை. திரும்பச் சொருகும்போது பொட்டு மேலே போனதா கீழே போனதா என்று பார்ப்பதற்கு அவர்களுக்கு வேறு வேலை இல்லையா? பாக்ஸ் கடிக்கிறது என்று பேச்சு வந்தது. காய்ந்த கையோடு, காலில் செருப்போடு தொட்டதால் சுருக்கென்ற ஒரு கடியோடு போயிற்று. நான்கைந்து பெண்கள் ஆபீசுக்கு வந்து நின்றார்கள். ஓனர் எழுந்திருக்கவே இல்லை. "கடிச்சா உசுரோட கீதுன்னு அர்த்தம்மா. செத்த பாக்ஸு எங்க கடிக்கப் போவுது?" என்றார்.

கொல்லென்று சிரிப்பு. நானும்தான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா? அதை முடிந்து வைத்துக்கொண்டு, குழாயடியில் அவிழ்த்தேன். ஓனரைப் போலவே ஒரு கண்ணைச் சுருக்கி, கழுத்தை ஆட்டி நடித்துக் காட்டினேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். ஒரு வாரத்தில் அது லேன் முழுக்கப் பரவி, வேறு ஒன்றாக மாறிவிட்டது. உங்க வூட்டு பாக்ஸு கடிக்குதா, எங்க வூட்டுது நல்லா கடிக்குது என்று பெருமை பேச ஆரம்பித்தார்கள். கடிக்காத வீட்டுக்காரர்கள் டூப்ளிகேட் கொடுத்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டார்கள். ஒரு வீட்டில் பிளக்கை மாற்றிச் சொருகிக் கடிக்க வைத்துவிட்டு நிம்மதியானார்களாம். இதையும் நான் ஒரு வேடிக்கையாகத்தான் ஓனரிடம் போய்ச் சொன்னேன். இதை எழுதும்போது என் நாக்கே எனக்குக் கசக்கிறது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம், ஒரு எலுமிச்சம்பழம் கேட்பதற்காக எதிர்வீட்டு அக்காவிடம் போனேன். அந்த அக்கா காசிமேட்டில் இறால் உரிக்கிற வேலை செய்தவர். ஐஸிலேயே ஊறி ஊறி விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும், கையில் ஈரம் காய்ந்து நான் பார்த்ததே இல்லை. வெறுங்காலோடு சிமென்ட் தரையில் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு மேஜை விசிறியைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் லேனில் கோயிலுக்குப் போகிறவர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று அந்த ஒரு நாளில் மட்டும் பேதம் கிடையாது. துடைப்பதற்கு ஒரு மெஷின் இருந்தால் போதும். விடியும்போதே ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்துவிடுவார்கள்.

"நாளிக்கு காலீல பாக்ஸுக்கும் தலிக்கு ஊத்திட வேண்டிதான்" என்று சிரித்தார் அக்கா.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்பது வீட்டிலும் நாளை காலையில் ஈரக் கை அந்தத் தகரத்தின் மேல் விழப்போகிறது. எல்லாம் புது பாக்ஸ், முதல் ஆயுத பூஜை, ஆசை ஆசையாகத் துடைப்பார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துடைக்கவும் மாட்டார்கள். பிளக்கை ஓயாமல் மாற்றிச் சொருகுகிறார்கள் என்று தெரிந்ததும், இனிமேல் அதில் கை வைத்தால் பாக்ஸுக்குள் இருக்கும் கார்டு அழிந்துவிடும் என்று ஓனர் எல்லோரையும் பயமுறுத்தி வைத்திருந்தார். காய்ந்த கைக்குச் சுருக்கென்று கடிப்பது, ஈரக் கையை விடவே விடாது. நான் ஓடிப்போய் அக்கா வீட்டுப் பிளக்கைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சிவப்புப் பொட்டு.

"இன்னாக்கா இது, ரெண்டு பொட்டு?"

"ஒரு பக்கம் மட்டும் மொட்டையா இருந்துச்சுமே. பாக்கறதுக்கு நல்லால்ல. நானே வெச்சுட்டேன்."

திருகாணித் தலையில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. கட்டரை எடுத்து டிவிக்குப் பின்னால் குனிந்தவளின் தோளைப் பிடித்து அக்கா இழுத்தார். நாளைக்கு மீஞ்சூரிலிருந்து நாத்தனார் குடும்பமே படம் பார்க்க வருகிறது, பாக்ஸைப் பற்றி ஒரு மாதமாகச் சொல்லி வைத்திருக்கிறேன், இப்போது வந்து கம்பியை அறுக்கிறேன் என்கிறாயே என்று சத்தம் போட்டார். செத்துப்போவீங்கக்கா என்றேன். "இத்தினி நாள் சாவல, நாளிக்குத்தான் சாவப் போறனா? ஓனரு வந்து சொல்லட்டும், நானே அறுத்துத் தரேன்" என்று கதவைக் காட்டினார்.

ஆபீசில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். ஓனர் சம்மணம் போட்டு உட்கார்ந்து பூசணிக்காய்க்குச் சுண்ணாம்பில் கண் எழுதிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க நான் சொன்னதையெல்லாம் கேட்டார். ஒரு கைப்பிடி பொரியை அள்ளி என் கையில் கொட்டி, குந்து, துன்னு என்றார். என்ன செய்வதென்று தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டு திரும்பினேன். அப்போதுதான் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு அட்டைப் பெட்டிகளைப் பார்த்தேன். ஒன்று திறந்திருந்தது. உள்ளே அடுக்கடுக்காக மாடுலேட்டர்.

எப்போது வந்தது என்று கேட்டேன். அது ஆச்சு மூணு வாரம் என்றார், பூசணிக்காயை விட்டுக் கண்ணை எடுக்காமல். மெயின் ரோட்டு வீடுகளுக்கு வைத்திருக்கிறாராம். அங்கேயும் பழைய டிவி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள் அல்லவா. எங்கள் லேனுக்கு வேண்டாமா என்றேன். அவர் சுண்ணாம்பு விரலைத் துடைத்துக்கொண்டு, ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்.

"மெயின் ரோட்டு ஆளுக்கு ஒரு தபா ஷாக் அட்ச்சா கேஸு, கோர்ட்டுன்னு பூடுவான். நம்ம ஜனம் சிரிச்சிட்டு பூடும் தங்கச்சி."

வாயிலிருந்த பொரி கரப்பான் இறக்கை மாதிரி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாசலுக்கு ஓடிப்போய்ச் சாக்கடையில் துப்பினேன். பொரியோடு நிற்கவில்லை. மத்தியானச் சோறும் வந்தது. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அது நிஜம். எங்கள் ஜனம் சிரித்தது. சிரிக்கச் சொல்லிக் கொடுத்தது குழாயடியில் கழுத்தை ஆட்டி நடித்துக் காட்டிய நான். இவரோ அந்தச் சிரிப்பைக் கணக்கில் வைத்து, யார் வீட்டுக்குப் பாதுகாப்பு வேண்டும், யார் வீட்டுக்கு வேண்டாம் என்று பிரித்து வைத்திருக்கிறார். அவர் வாய்க்கும் அந்தச் சாக்கடைக்கும் அன்றைக்கு எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

உள்ளே திரும்பிப் போய் அந்தப் பெட்டிகளைத் தூக்கப் பார்த்தேன். அவர் காலை நீட்டிப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். கோபப்படக்கூட இல்லை.

விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். பதினோரு வீட்டில் கம்பியை அறுக்க விட்டார்கள். அவற்றிலும் பாதி, டிவி ரிப்பேர் என்று நான் பொய் சொன்னதால். மற்ற வீடுகளில் உள்ளேயே விடவில்லை. ஹார்பரில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு மாமா, தட்டில் பொரியை வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர், என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கட்ச்சா உசுரோட கீதுன்னு நீதானம்மா சொல்லிகினு திரிஞ்ச. இப்ப இன்னா, ஓனரோட எதுனா பேஜாரா?" என்றார். அவர் வீட்டு அம்மா சிரித்தார். நான் நடித்துக் காட்டியது போலவே ஒரு கண்ணைச் சுருக்கி, எனக்கே அதை நடித்துக் காட்டினார். எல்லா வாசலிலும் கடைசியில் ஒரே பதில்தான் கிடைத்தது. ஓனரு சொல்லட்டும்.

பால் பாக்கெட் வருகிற நேரத்துக்கு எழுந்தேன். லேன் முனையில் தெருவுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி ஒன்று உண்டு. கதவு எப்போதோ பிய்ந்து, ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். உள்ளே பீங்கான் பிடி வைத்த மூன்று ப்யூஸ். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, காய்ந்த துண்டைக் கையில் நாலு சுற்றுச் சுற்றி, சாமியை வேண்டிக்கொண்டு மூன்றையும் உருவினேன். துணிப் பையில் போட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டேன். லேன் முழுக்க விசிறிகள் நின்ற சத்தம் கேட்டது. சத்தம் நின்றால் அதுவும் ஒரு சத்தம்தான். மின்சார ஆபீசிலும் பூஜை, யாரும் போனை எடுக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

வீட்டு வாசலில் உட்கார்ந்து எதிரே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா திட்டிக்கொண்டே மெழுகுவர்த்தி ஏற்றி, வாளியில் துணியை நனைத்துப் பிழிந்து, வெறுங்காலோடு பாக்ஸின் முன்னால் நின்று, அதன் தலை, தோள், முதுகு என்று திருகாணி விடாமல் துடைத்தார். குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அவ்வளவு வாஞ்சை. ப்யூஸ் என் பையில்தான் இருக்கிறது என்று தெரிந்தும், பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஓனரின் ஆபீசும், அதற்குள்ளிருந்து எல்லோருக்கும் படம் அனுப்புகிற கன்ட்ரோல் ரூமும் அதே இரும்புப் பெட்டியிலிருந்துதான் கரண்ட் வாங்கின. அங்கே இன்வெர்ட்டர் இருந்தது. அதன் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது நான் என்பதால், மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்பது தெரியும். அது செத்துவிட்டால் எங்கள் லேன் மட்டுமில்லை, மெயின் ரோடு முழுக்கப் படம் போய்விடும். பண்டிகை நாள், சிறப்புத் திரைப்படம் போடுகிற நாள். எட்டு மணிக்கு நான் போனபோது இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது, போன் ஓயாமல் அடித்தது. பையைத் திறந்து காட்டினேன்.

"ப்யூஸு எங்கிட்ட கீதுணா. அந்த ரெண்டு பொட்டியும் வோணும். நீங்களும் வரணும். எல்லா வூட்லயும் நீங்களே சொல்லணும்."

கை ஓங்குவார் என்று நினைத்தேன். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அதில் நடிப்பே இல்லை, மெய்யாகவே ரசித்தார். எழுந்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். சந்தனக் கிண்ணத்தையும் பொரித் தட்டையும் எடுத்து வரச் சொன்னார். "வா தங்கச்சி. குடுக்கறத ஷோக்கா குடுப்போம்" என்றார்.

ஷோக்காகத்தான் கொடுத்தார். முதல் வீட்டு வாசலில் நின்று, மாடுலேட்டருக்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்து, இரண்டு கையாலும் நீட்டி, "ஆயுத பூஜைக்கு ஓனர் பரிசு. பழைய கம்பி வேணாம், இது புது டெக்னிக்கு" என்றார். கடிப்பது ஆபத்து என்றோ, தப்பு நடந்துவிட்டது என்றோ ஒரு வார்த்தை இல்லை. எல்லா வீட்டிலும் அதே வசனம், அதே இரண்டு கை. அவர் வந்து சொல்லவேண்டும் என்று கேட்டது நான்தானே, எதைச் சொல்லவேண்டும் என்று கேட்காமல் போனேன். ஜனம் கையெடுத்துக் கும்பிட்டது. நேற்று என்னை வெளியே நிறுத்திய வீடுகளில் இன்று எனக்குப் பாய் போட்டார்கள். நான் அவர் பின்னாலேயே போய், டிவிக்குப் பின்னால் மண்டிபோட்டு, நானே வைத்த ஈயத்தை நானே அறுத்து, ஆன்டெனா துளையில் மாடுலேட்டரைச் சேர்த்தேன். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல எனக்கு நாற்பது வாசல் கிடைத்தது. சொல்லியிருந்தால் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பியிருப்பாரோ என்ற பயம் முதல் பத்து வீடு வரைக்கும். அதற்கப்புறம் பயம்கூட இல்லை, பழகிவிட்டது.

ஓனர் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. லேனில் இப்போது சுவரில் மாட்டுகிற டிவிதான், அந்த மரப் பெட்டிகளையெல்லாம் எடைக்குப் போட்டாயிற்று. அவருடைய காரியத்துக்குப் போயிருந்தபோது, வீடு வீடாக வந்து பரிசு கொடுத்தாரே, அந்த மனசு யாருக்கு வரும் என்று ஒரு அம்மா அழுதார். கூட இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் காபியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தேன். அதுகூடப் பரவாயில்லை. செத்தவரைப் பற்றி அப்படித்தான் பேசுவார்கள். எனக்கு இன்றுவரைக்கும் குமட்டுவது வேறு.

அன்று இரண்டு மணிக்கு எல்லா வீட்டையும் முடித்துவிட்டு, யாரும் பார்க்காதபோது ப்யூஸை மாட்டினேன். கரண்ட் வந்ததும் லேனே கூச்சல் போட்டது. அப்புறம் ஒவ்வொரு டிவியிலும் குமிழைத் திருப்பிப் படம் பிடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அக்கா வீட்டுக்குப் போனபோது மீஞ்சூர்ச் சொந்தமெல்லாம் தரையில் உட்கார்ந்திருந்தது. ஓனருக்கு ஒரே ஒரு நாற்காலி. நான் குமிழைத் திருப்பினேன், படம் மணல் தூவினாற்போல வந்தது. அக்கா ஈரக் கையில் சந்தனத்தை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த பாக்ஸின் திருகாணித் தலை மேலேயே அழுத்தி ஒரு பொட்டு வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. அதே கையால் ஓனர் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"நல்ல நாளும் அதுவுமா காலீலேந்து கரண்ட்ட எவன் புடுங்கினானோ, அவன் கை வெளங்காம பூட."

நான் மாடுலேட்டரின் கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தேன். ஓனர் என் கையைப் பார்த்தார்.

"சாபம் குடுக்காதக்கா. பாவம், அவனும் எங்கியாவது குந்திகினு ஸ்க்ரூ முடுக்கிகினு கீறானோ இன்னாவோ."

மின்சார ஆபீஸ்காரனைச் சொல்கிறார் என்று நினைத்து வீடே சிரித்தது. சொன்ன அழகு அப்படி. நேரம் பார்த்து, எனக்கு மட்டும் தைக்கிற மாதிரி, வேறு யாருக்கும் தெரியாமல். நாற்பது வீட்டு உயிரை மூன்று வாரம் பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்தவர் அவர். நான் அவரை ஏறிட்டு ஒரு பார்வை பார்த்திருக்கலாம். எழுந்து போயிருக்கலாம்.

நானும் சிரித்தேன். அந்த வீட்டில் இருந்த எல்லோரையும்விடச் சத்தமாக.